வாசகர் கேள்விகள்: பனித்தட்டு உடைந்தால் என்ன?

மிதக்கும் பனிக்கட்டி உருகினால் கடல் உயராது என்று பாடத்தில் சொல்லித் தருகிறோம். அப்படியிருக்க, அண்டார்டிகாவில் பனித்தட்டு உடைந்தால் மட்டும் ஏன் இவ்வளவு கவலை?
- ஓர் ஆசிரியை, விருதுநகர்

பாடம் சரிதான். பனித்தட்டு என்பது தரைப்பனி கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதி; அது ஏற்கெனவே கடலில் மிதப்பது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் கிடக்கிறது. கவலையெல்லாம் அதன் பின்னால் தரைமேல் இருக்கும் பனியைப் பற்றியது. பனித்தட்டு இருபுறப் பாறைகளிலும் கடலடி மேடுகளிலும் உரசிக்கொண்டு நின்று, பின்னாலிருந்து இறங்கும் பனியாறுகளுக்கு முட்டுக் கொடுக்கிறது.

இதற்கு இயற்கையே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. 2002-ல் அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 220 மீட்டர் தடிமன் கொண்ட பகுதி, ஐந்தே வாரத்தில் நொறுங்கிப் போனது. முட்டு இழந்த ஹெக்டோரியா, கிரீன், கிரேன் முதலிய பனியாறுகளின் வேகம் 2 முதல் 6 மடங்கு கூடியது. ஹெக்டோரியாவின் மேற்பரப்பு ஒரு கட்டத்தில் ஆறு மாதத்துக்குள் சுமார் 38 மீட்டர் தாழ்ந்தது. தெற்கே மிஞ்சிய பனித்தட்டுத் துண்டின் பின்னால் இருந்த ஃபிளாஸ்க், லெப்பார்ட் பனியாறுகளோ அப்போது வேகமெடுக்கவில்லை. முட்டின் மதிப்பை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை.

அவ்வளவு தடித்த பனி ஐந்து வாரத்தில் எப்படி நொறுங்கும்?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

கோடையில் மேலே தேங்கிய உருகுநீர்தான் காரணம். வெறும் விரிசல் ஓரளவு ஆழத்துக்குமேல் இறங்காது. சுற்றியுள்ள பனியின் எடை அதை நெரித்து மூடிவிடும். தண்ணீர் நிரம்பினால் கதை வேறு. ஒரு கன மீட்டர் பனி சுமார் 917 கிலோ, தண்ணீர் 1,000 கிலோ. ஆகவே விரிசலின் அடிநுனியில் பனி நெரிப்பதைவிடத் தண்ணீர் அதிகமாகத் தள்ளும். தண்ணீர் வரத்து நிற்காதவரை, ஆப்பு அடித்தாற்போல விரிசல் அடிவரை பிளந்துகொண்டே போகும்.

துருவக் கடல் உறையும் குளிரில் இருக்கிறதே, அது எப்படிப் பனியை அடியிலிருந்து உருக்கும்?
- ஒரு வாசகி, காரைக்கால்

அருமையான கேள்வி. கடல்நீர் மேற்பரப்பில் சுமார் −1.9 டிகிரியில் உறைகிறது. ஆழம் போகப்போக அழுத்தத்தால் அந்த அளவு இறங்கும்; 1,000 மீட்டரில் சுமார் −2.6 டிகிரி. எனவே மேலே உறைநிலையில் இருந்த அதே நீர் அடியில் போய்ப் பனியைத் தொட்டால், அதை உருக்கும் அளவுக்குச் சூடானதுதான்! உருகிய நீர் உப்புக் குறைந்து லேசாகி, பனித்தட்டின் அடிவயிற்றை ஒட்டியே மேலேறும். ஏறும்போது உறைநிலையும் ஏறுவதால், அதில் ஒரு பகுதி மறுபடி உறைந்து அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். கிழக்கு அண்டார்டிகாவின் ஆமெரி பனித்தட்டின் அடியில் சில இடங்களில் இப்படி ஒட்டிய பனி 200 மீட்டர் வரை இருக்கிறது.

மேற்கு அண்டார்டிகாவை ஒட்டிய அமுண்ட்சென் கடலில் நிலைமை கடுமை. அங்கே ஆழத்தில் சுமார் +1 டிகிரி நீர் ஓடுகிறது. உப்பு மிகுந்து கனமானதால் அடியிலேயே கிடந்து, பழைய பனியாறுகள் குடைந்த கடலடிப் பள்ளங்கள் வழியே, பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் இடம்வரை நுழைகிறது. த்வெயிட்ஸ், பைன் தீவுப் பனியாறுகள் பின்வாங்குவது இதனால்தான். பாதிப்பு வானிலிருந்து அல்ல, அடியிலிருந்து.

உடையப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா?
- ஒரு வாசகர், கோவை

நாள் குறிக்க முடியாது. எந்த விரிசல் வளர்கிறது என்று சொல்ல முடியும். அண்டார்டிகாவின் பிரண்ட் பனித்தட்டில் பல்லாண்டு அசையாதிருந்த ஒரு பிளவு 2012-ல் விழித்துக்கொண்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அங்கிருந்த பிரிட்டனின் ஹாலி ஆய்வு நிலையம் பனிச்சறுக்குப் பாதம் பொருத்திய கால்கள்மேல் நிற்பது. 2016-17 கோடையில் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துச் சென்றார்கள். 2023 ஜனவரியில் சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் துண்டு பிரிந்தபோது, நிலையம் பிளவுக்கு உட்புறம், உடையாத பக்கத்தில் பத்திரமாக இருந்தது.