நடத்துகிறவளும் அழலாமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தும் ஊக்குநர் நான். குடிக்கிற கணவனோடு வாழும் பெண்களுக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் தனியாக ஒரு கூட்டமும் நடத்துகிறேன் (ஞாயிறு வைத்தால் சந்தைக்குப் போய்விடுவார்கள்). அவர்கள் மனம்விட்டுப் பேசும்போது, 'என் வீட்டிலும் இதே கதைதான்' என்று தொண்டை வரை வந்துவிடுகிறது. ஒரு நாள் நானும் சொல்லிவிடலாமா அக்கா?
– பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஒன்று சொல் தங்கச்சி. வங்கிக் கடனுக்கு அவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பதும் நீதானே? அப்படியானால் அந்தக் கூட்டத்தில் வேண்டாம்.

நீ அழுத நிமிஷமே கூட்டம் உன்னுடையதாகிவிடும். ஒருத்தி தண்ணீர் கொண்டுவருவாள், இன்னொருத்தி முதுகைத் தடவுவாள். பேச வாயெடுத்தவள் 'அக்காவுக்கே இப்படியா' என்று தன் கதையை விழுங்கிக்கொள்வாள். இதைவிட எனக்குப் பயம், நீ எடுத்த முடிவைப் பற்றித்தான். 'பொறுத்துப் போனேன்' என்று சொன்னாலும் சரி, 'அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று சொன்னாலும் சரி, கடன் கையெழுத்து உன்னிடம் இருக்கும்போது அதற்கு மாறாகப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

'ஊக்குநரும் உறுப்பினர்தானே' என்பாய். வாஸ்தவம். 1989-ல் ஐ.நா. விவசாய நிதி உதவியோடு தமிழ்நாட்டிலேயே முதலில் தர்மபுரியில்தான் இந்தக் குழுக்கள் தொடங்கின. உன் ஊரும் அப்போது அந்த மாவட்டம்தான். ஊக்குநரும் சேமித்தாள், கடன் வாங்கினாள். ஆனால் பணக் கணக்கை எல்லார் முன்னாலும் வாசித்துச் சரிபார்த்துவிடலாம். மூலையில் இருக்கிறவள் ஏன் வாரக்கணக்கில் வாய் திறக்கவில்லை என்பதை நீ ஒருத்திதான் கவனிக்கிறாய்.

ஊமையாக இருக்கச் சொல்லவில்லை. யாரும் பேசாத நாளில் 'எனக்கும் இது தெரியும்மா' என்று ஒரு வரி போதும். (அதோடு நிறுத்துவதுதான் கஷ்டம்.)

உன் பாரத்தை இறக்க வேறு இடம் பார். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 'அல்-அனான்' கூட்டங்கள் உண்டு. 1951-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது, பெங்களூரிலும் நடக்கிறது. அங்கே தனியாக ஊக்குநர் கிடையாது. வருகிறவர்களே மாறி மாறி நடத்துவார்கள், முழுப் பெயரும் கேட்கமாட்டார்கள். மாங்கூழ் கம்பெனி வேலை தொடங்கினால் உன் கூட்டத்தில் ஆள் குறையுமே, அப்போது பஸ் ஏறு. துணைக்கென்று குழுவில் யாரையும் கூட்டிப் போகாதே, பஸ்ஸிலேயே உன்னை ஊக்குநராக்கிவிடுவார்கள்.