அளியர் தாமே

அன்புள்ள ஐயா,

குறுந்தொகையின் ஏழாம் பாடலில் 'அளியர் தாமே' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உரையில் 'இரங்கத்தக்கவர்' என்று இருந்தது. அகராதியிலோ 'அளி' என்பதற்கு அன்பு, அருள், கொடை, வண்டு, கனிதல் என்று வரிசையாகப் பொருள்கள். இவற்றில் எது மூலப்பொருள்? 'இரக்கம்' என்ற எளிய சொல் இருக்கும்போது, நான் எழுதும் கதையில் இந்தப் பழஞ்சொல்லைக் கையாள்வது பகட்டாகத் தெரியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக இந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பாடலில் ஒரு சொல்லுக்காக நின்றுவிடுகிறவர்கள் குறைவு. அதற்காகவே உங்கள்மேல் பிரியம் வந்தது.

வண்டை விட்டுவிடுவோம். அது வடமொழி வழி வந்த வேறு சொல். எது மூலப்பொருள் என்பதை வேர்ச்சொல் ஆராய்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் கோபமெல்லாம், பாதிப் பாட்டிலேயே நீங்கள் அகராதிக்கு ஓடிவிட்டதில்தான். 'அளியர் தாமே'க்குப் பிறகும் மூன்று வரிகள் இருக்கின்றன. படித்தீர்களா?

வில் ஏந்தியவன் காலில் கழல், உடன் நடக்கும் பெண்ணின் மெல்லடியில் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பைக் கழற்றும் சடங்கு உண்டு. அது இன்னும் காலில் கிடக்கிறது என்றால் வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பியவள். வழியில் கண்டோருக்கு இது ஒரு பார்வையில் விளங்கிவிடுகிறது. ஆனாலும் ஒரு பழிச்சொல் இல்லை. 'நல்லோர் யார்கொல்? அளியர் தாமே' என்கிறார்கள். எதிரே மூங்கில் அடர்ந்த காடு. காற்றடித்து வாகையின் வெள்ளை நெற்றுகள் கழைக்கூத்தர் பறைபோல ஒலிக்கின்றன. அந்தக் காட்டுக்குள்தான் இருவரும் போகப்போகிறார்கள். 'ஐயோ பாவம்' என்று தள்ளி நின்று சொல்லும் குரலா இது? 'நல்லோர்' என்று முதலில் மதித்துவிட்டல்லவா 'அளியர்' என்கிறார்கள்!

'இரங்கத்தக்கது' என்ற உரையைக் கையில் வைத்துக்கொண்டு புறநானூற்றின் 109ஆம் பாடலுக்குப் போய்ப் பாருங்கள். 'அளிதோ தானே பாரியது பறம்பே' என்று கபிலர் தொடங்குகிறார். பாரியின் அந்தப் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டிருக்கிறார்கள். இரங்கத்தக்க மலை என்றால் அடுத்து அதன் பஞ்சத்தை அல்லவா சொல்ல வேண்டும்? அவரோ உழவர் உழாமலே விளையும் நான்கை அடுக்குகிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். வாளால் இதைக் கொள்ள முடியாது என்று முற்றுகையிட்டவர்களிடமே சொல்கிறார். என் தமிழாசிரியர் இந்தப் பாட்டை நடத்தும்போது முதல் வரியைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார். பிறகு அந்த நான்கு பொருளையும் தம் சொந்தத் தோட்டத்து விளைச்சல்போல விரல்விட்டு எண்ணுவார். பெருமிதமும் பதைப்பும் ஒரே மூச்சில் வருவதை அவர் குரலில்தான் முதலில் கேட்டேன். உரைநூல் எதுவும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

இழக்கப்போவதன்மேல், இழந்துவிட்டதன்மேல் பொங்கும் அன்பு அது. புறநானூற்றின் இன்னொரு பாட்டில், தொடித்தலை விழுத்தண்டு, அதாவது பூண் கட்டிய கைத்தடி, ஊன்றி நடுங்கும் கிழவர், மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை 'அளிதோ தானே' என்கிறார். சங்கப் புலவர் வெள்ளிவீதியார் குறுந்தொகையில் தம்மோடு நெடுநாள் உழன்ற நாணத்துக்கு அதே சொல்லால் விடைகொடுக்கிறார். தம் இளமையை, தம் நாணத்தை ஒருவர் மேலிருந்து பார்த்து இரங்க முடியுமா? இந்தச் சொல்லில் மேலும் இல்லை, கீழும் இல்லை. நாமோ அதை 'மனு அளித்தார்', 'அதிர்ச்சி அளித்தது', 'தண்டனை அளித்தார்' என்று தேய்த்துத் தீர்த்துவிட்டோம். தண்டனையை அளிப்பார்களா, ஐயா? செய்தித்தாளில் அந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. 'வீழ்வார்க்கு வீழ்வார் அளிக்கும் அளி' என்று குறளில் வந்த வினை அது!

பகட்டாகத் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கதையில் அந்தப் பதைப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

அகராதி தனித்தனியாகப் பிரித்துவைத்த இரண்டு பொருளைத் திருவாசகம் ஒரே பாட்டில் வைத்திருக்கிறது. ஆசைப்பத்தில் 'அளிபுண் அகத்துப் புறந்தோல் மூடி' என்று தொடங்கும் பாட்டு. முதல் அடியில் அளிந்து குழைந்த புண், அதன்மேல் தோல் போர்த்திய உடம்பு. கடைசி அடி 'அளியேன் என்ன ஆசைப்பட்டேன் கண்டாய் அம்மானே'. இந்த இடத்தில் மாணிக்கவாசகர் வேண்டுவது வீடுபேற்றையோ செல்வத்தையோ அல்ல. தன்னைப் பார்த்து 'இவன் அளியன்' என்று சிவன் வாயால் ஒரு சொல் வரவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாட்டை வாய்விட்டுப் படித்துவிட்டுக் குறுந்தொகைக்குத் திரும்புங்கள். மிச்சமுள்ள மூன்று வரிகளையும் படியுங்கள்.

அன்புடன்.