வாங்காத பேக்ல மிச்சம் பிடிக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் சார். பிராண்டு ஹேண்ட்பேக், ஷூ, ஜாக்கெட் மூணையும் ரெப்ளிகாவா, அதாவது பிராண்டை அப்படியே காப்பி அடிச்ச போலியா, சைனா ஷாப்பிங் ஏஜென்ட் (நமக்காக சைனா சைட்ல வாங்கி அனுப்பறவங்க) மூலமா வாங்கலாம்னு இருக்கேன். மூணும் சேர்த்து 900 யுவான்தான், ஒரிஜினல் விலையில பத்துல ஒரு பங்கு கூட வராது. மிச்சமாகுற காசை சேமிப்புல போட்டுடுவேன். ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டர் போட்டு, கொஞ்சம் மேல வெச்சு கொடுத்தா ஷிப்பிங் காசும் வந்துடும். ப்ளான் ஓகேவா?

பதில்: முதல்ல அந்த மிச்சமாகுற காசு எங்க இருக்குன்னு சொல்லுங்க. ஒரிஜினல் வாங்கறதுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தீங்களா? இல்லல்ல. அப்புறம் வாங்கவே போகாத பொருளோட விலையில கழிச்சுப் பார்த்து சேமிப்புன்னு எப்படி எழுதறது? உங்க அக்கவுன்ட்ல நடக்கப் போறது ஒண்ணுதான், 900 யுவான் வெளிய போகுது. அதுவும் 900ல நிக்காது.

இந்த ஏஜென்ட் விஷயத்துல ரெண்டு தடவை காசு கட்டணும். தாவோபாவ், வெய்தியன், 1688 மாதிரி சைனா ஷாப்பிங் சைட்ல இருந்து நீங்க லிங்க் கொடுத்தா அவங்க வாங்கி, வேர்ஹவுஸ்ல வெச்சு, பொருள் சரியா இருக்கான்னு காட்ட க்யூசி போட்டோ எடுத்து அனுப்புவாங்க, அது வரைக்கும் முதல் பேமென்ட். பார்சல் கட்டி நாட்டை விட்டு கிளம்பும்போதுதான் ரெண்டாவது பில் வரும், அந்த நேரத்துல போட்டோவை பார்த்து பார்த்து ஆசை ஏறியிருக்கும், வேணாம்னு சொல்ல மனசு வராது. அந்த பில்லும் பல ஷிப்பிங் லைன்ல எடைக்கு இல்ல, பெட்டி அடைக்கிற இடத்துக்கு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ல வகுப்பாங்க. 35, 25, 15ன்னு ஒரு ஷூ பெட்டி இருந்தா 2.6 கிலோன்னு கணக்கு வரும், உள்ள இருக்கற ஷூ ஒன்றேகால் கிலோ கூட இருக்காது. அதான் பெட்டியை தூக்கிப் போட்டுட்டு அனுப்ப சொல்றாங்க எல்லாரும் (பிராண்டு பெட்டிக்கும் சேர்த்துதான் ஆசைப்பட்டோம்ங்கறது வேற விஷயம்). இதுக்கு மேல ஏஜென்ட் வாலட்ல காசு டாப்-அப் பண்ணும்போது கரன்சி மாத்தறதுல கொஞ்சம் போகும், கார்டு சார்ஜ் கொஞ்சம் போகும்.

அடுத்து கஸ்டம்ஸ். வரி கட்டினா வந்துடும்னு நினைக்காதீங்க, போலின்னு கண்டுபிடிச்சா பல நாட்டுல வரி கட்டறேன்னாலும் விடமாட்டாங்க. ஐரோப்பிய யூனியன்ல 608/2013 விதிப்படி சின்ன பார்சலை நீங்க மறுப்பு சொல்லலேன்னா அழிச்சுடலாம், நஷ்ட ஈடு கிடையாது. இத்தாலியில வாங்கினவங்களுக்கே 7,000 யூரோ வரை அபராதம் போடலாம். அமெரிக்காவுல 800 டாலருக்குள்ள இருந்தா வரி இல்லைங்கற சலுகை சைனா சரக்குக்கு 2025 மே 2ஓட போயிடுச்சு. ஏஜென்ட் விலையை கம்மியா எழுதி அனுப்பறேன்னு சொன்னா அதை உதவின்னு எடுத்துக்காதீங்க, பொய் டிக்ளரேஷன்னு கேள்வி வந்தா பார்சல் மேல இருக்கறது உங்க பேர்தான்.

வாலட்ல காசை போட்டு வெக்கற பழக்கம் இருந்தா அதை முதல்ல நிறுத்துங்க. 2024 ஏப்ரல்ல பாண்டாபைங்கற பெரிய ஏஜென்ட் மேல 16 பிராண்டுகள் சேர்ந்து நடவடிக்கை எடுத்து, சைனா போலீஸ் வேர்ஹவுஸ்லயே ரெய்டு போட்டாங்க. கிட்டத்தட்ட அதே சமயத்துல, அவங்க கிட்ட இருந்த 13 லட்சத்துக்கும் மேல அக்கவுன்ட்டோட பேர், அட்ரஸ், போன் நம்பர், ஆர்டர் விவரம் எல்லாம் லீக் ஆச்சு. பேங்க்ல போட்ட காசு மாதிரி ஏஜென்ட் வாலட்ல இருக்கறதுக்கு டெபாசிட் இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது, மாட்டினா மாட்டினதுதான்.

ஆனா உங்க லெட்டர்ல என்னை நிஜமா பயமுறுத்தினது அந்த ஃப்ரெண்ட்ஸ் ஐடியாதான். ட்ரிப்ஸ்ங்கற, பிராண்டு மாதிரி உரிமைகளுக்கான உலக வர்த்தக ஒப்பந்தத்தோட 60ஆவது பிரிவு, வியாபார நோக்கம் இல்லாம கொஞ்சமா கொண்டு வர்றதை நாடுகள் கண்டுக்காம விடலாம்னு இடம் கொடுக்குது, சில நாட்டுல அப்படி விடவும் செய்யறாங்க. ரெண்டு பேருக்கு சேர்த்து வாங்கி லாபம் வெச்சு கொடுத்தா அந்த நிழல்ல நீங்க நிக்க முடியாது, போலி பொருள் விக்கறவங்க ஆயிடுவீங்க. சில நூறு யுவான் ஷிப்பிங்கை மிச்சம் பண்ண கேஸ் வாங்கறதா?

பேக் வேணும்னா வாங்குங்க, ஆசைக்கு செலவு பண்றது தப்புன்னு நான் சொல்ல வரல. 900ஓட ஷிப்பிங்கையும் சேர்த்தா பேர் இல்லாத நல்ல லெதர் பேக்கே ஒண்ணு வரலாம், பிரிஞ்சா கடையில தைச்சுக் கொடுப்பாங்க. பிராண்டுதான் வேணும்னா யூஸ்டு ஒரிஜினலை செக் பண்ணி விக்கற இடத்துல பாருங்க, விலை அதிகம்தான், ஆனா சலிச்சுப் போனா சட்டப்படி திரும்ப வித்து பாதி காசாவது எடுக்க வழி இருக்கு. ரெப்ளிகாவை அப்படி விக்க முடியாது, அதனால கட்டின மொத்தமும் செலவுன்னே எழுதிக்கோங்க. சேமிப்புக்குன்னு மாசாமாசம் ஒரு தொகை சம்பளம் வந்த அன்னிக்கே போகட்டும், அதை பேக்கோட முடிச்சு போடாதீங்க. ஃப்ரெண்ட்ஸ் கிட்ட அட்வான்ஸ் ஏதாவது வாங்கியிருந்தா இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.