ஈடிபஸின் கனவும் அகாவேயின் விழிப்பும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன். சென்ற மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் சோபாக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை எடுத்துக்கொண்டோம். படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் கூட்டத்தில் முதலில் பேசிய நண்பர், “இது ஒவ்வொரு ஆண்பிள்ளையும் தாயின் மேல் கொள்ளும் ஆசையைப் பற்றிய நாடகம், ஃபிராய்ட் எப்போதோ சொல்லிவிட்டார்” என்றார். அதன்பின் நாடகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு மணி நேரமும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டைப் பற்றியே பேசினோம்.

அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. ஈடிபஸ் தாய் என்று தெரிந்தா மணந்தான்? தெரியாமல் செய்ததை ஆசை என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், வேலையிடத்தில் நாள்தோறும் பார்ப்பவள் என்ற முறையில், மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்ததையே தெரியாமல் வைத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களை உளப்பகுப்பாய்வின் வழியாக வாசிப்பது நம்பத்தக்கதுதானா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

“தாய் என்று தெரிந்தா மணந்தான்?” என்ற கேள்வியை நீங்கள் அன்று கூட்டத்திலேயே உரக்கக் கேட்டிருக்கலாம். 1967-இல் பிரெஞ்சு அறிஞர் ழான்-பியர் வெர்னான் ‘சிக்கல் இல்லாத ஈடிபஸ்’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரையின் மையம் ஏறக்குறைய இதுதான். (தாயின் மேல் ஆசை, தந்தையின் மேல் பகை என்பதற்கு ஃபிராய்ட் இட்ட பெயர்தான் ‘ஈடிபஸ் சிக்கல்’.) ஈடிபஸ் தாய் என்று அறிந்தவள் கொரிந்து நகரின் அரசி மெரொப்பி; தந்தை என்று அறிந்தவன் பொலிபஸ். ஒரு பிள்ளைக்கு ஆசையும் பகையும் எழுவதானால் தன்னை எடுத்து வளர்த்தவர்கள் மேல்தானே எழ வேண்டும்? தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்று தெய்வவாக்கு சொன்னதும், அவர்களுக்குத் தன்னால் தீங்கு நேரக்கூடாது என்றுதான் அவன் ஊரைவிட்டே ஓடுகிறான். அவனை உண்மையில் பெற்ற யொகாஸ்டா அவனுக்கு முன்பின் தெரியாதவள். ஊரை வதைத்த அரக்கி ஸ்ஃபிங்க்ஸின் புதிரை விடுவித்தவனுக்குத் தீப்ஸ் நகரம் அரியணையோடு சேர்த்துக் கொடுத்த அரசி. அவளை அவன் ஏங்கித் தேடிப்போனதாக நாடகத்தில் ஒரு வரியும் இல்லை.

இதற்கு ஃபிராய்டின் பக்கத்திலிருந்து ஒரு மறுமொழி உண்டு. நாடகத்தில் விதி என்று நிற்பதே நனவிலி மனத்தின் வெளித்தோற்றம்தான், அவன் அறியாமல் செய்தான் என்பதே அது ஒடுக்கப்பட்ட ஆசை என்பதற்குச் சான்று என்பார்கள். இந்த மறுமொழிதான் என்னை ஃபிராய்டியர்களிடமிருந்து முதலில் விலக வைத்தது. ஆசை தெரிந்தால் அது ஆசை, தெரியாவிட்டால் ஒடுக்கப்பட்ட ஆசை. சோபாக்ளிஸ் எந்த வரியை எழுதியிருந்தாலும், எதை எழுதாமல் விட்டிருந்தாலும் முடிவு மாறாது என்றால், அவரைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பதற்கு என்ன காரணம் இருக்கிறது?

ஆனால் ஃபிராய்டை உங்கள் நண்பரோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். அவர் இந்த நாடகத்தைக் கிரேக்க மூலத்தில் படித்தவர். 1873-இல் பள்ளி இறுதித் தேர்வில் அவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்த பகுதியே இந்த நாடகத்திலிருந்து வந்ததுதான். 1897 அக்டோபரில் நண்பர் ஃபிளீஸுக்கு எழுதிய கடிதத்தில், தாயின் மேல் பற்றும் தந்தையின் மேல் பொறாமையும் தன்னிடமே இருந்ததைக் கண்டேன் என்று சொல்லி, ஈடிபஸின் பெயரை முதன்முதலாக எடுக்கிறார். 1900 என்று ஆண்டிட்டு வெளிவந்த ‘கனவுகளின் விளக்கம்’ நூலில் அதை விரித்து எழுதுகிறார். அங்கே அவர் கேட்பது ஈடிபஸ் என்ற பாத்திரத்துக்கு என்ன நோய் என்பதை அல்ல. அரங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஏன் இப்படி நெஞ்சு நடுங்குகிறது என்பதைக் கேட்கிறார். நல்ல கேள்வி. நீங்கள் தூங்காத இரவும் அதே கேள்விதான். அவர் சொன்ன விடையில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அவர் நாடகத்துக்குள்ளிருந்து காட்டும் முதன்மையான சான்று யொகாஸ்டா பேசும் இரண்டு வரிகள். இதற்கு முன்பே பலர் கனவில் தம் தாயோடு படுத்திருக்கிறார்கள், இதையெல்லாம் பொருட்படுத்தாதவனே வாழ்வைச் சுலபமாகக் கழிக்கிறான் என்கிறாள் அவள். ஃபிராய்டுக்கு இது கவிஞனே கையில் கொடுத்த சாவி. ஆனால் அவள் எப்போது இதைச் சொல்கிறாள் என்று பாருங்கள். பொலிபஸ் இறந்துவிட்டான் என்று கொரிந்துவிலிருந்து தூதன் வந்து சொல்லியிருக்கிறான். தந்தையைக் கொல்வாய் என்ற தெய்வவாக்கு பொய்த்துவிட்டதாக ஈடிபஸ் மூச்சுவிடுகிறான். ஆனாலும் தாய் உயிரோடு இருக்கிறாளே என்ற பயம் போகவில்லை. கணவனைத் தேற்றுவதற்காக, தெய்வவாக்கைக் கனவோடு சேர்த்து ஒதுக்கித் தள்ளுகிறாள். சற்று நேரத்தில் அந்தத் தூதன் வாயிலிருந்தே, மெரொப்பி உன்னைப் பெற்றவள் இல்லை என்ற சொல் வருகிறது. யாருடைய தாயைப் பற்றிய கனவு என்று அவள் பேசிக்கொண்டிருந்தாளோ அந்தத் தாய் அவளேதான். அந்த வரிகளின் கொடுமை இந்த இடத்தில் இருக்கிறது.

கிரேக்கர்கள் அப்படிப்பட்ட கனவை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோடஸ் ஒரு கதை சொல்கிறார். கி.மு. 490-இல் பாரசீகப் படையோடு மராத்தானுக்கு வருகிறான், ஏதென்ஸிலிருந்து துரத்தப்பட்ட பழைய சர்வாதிகாரி ஹிப்பியாஸ். முந்தைய இரவு தாயோடு படுத்ததாகக் கனவு கண்டிருக்கிறான். தாய் என்றால் தாய்மண், ஆகவே ஊருக்குத் திரும்பி ஆட்சியைப் பிடித்து அங்கேயே முதுமையில் இறப்பேன் என்று பொருள் கொள்கிறான். கரையில் இறங்கியதும் தும்மலும் இருமலும் வருகின்றன. கிழவனின் ஆடிய பல் ஒன்று தெறித்து மணலில் விழுகிறது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இந்த மண்ணில் எனக்கிருந்த பங்கை என் பல் எடுத்துக்கொண்டுவிட்டது என்று பெருமூச்சுவிடுகிறான். இதில் ஆசையின் வெட்கம் எங்கேயும் இல்லை. கனவு அவனுக்கு நிலத்தைப் பற்றிய செய்தியாகவே வந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஃபிராய்டுக்கு அநீதி செய்தவனாவேன். பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் ஒன்பதாம் பகுதியில், தூக்கத்தில் அறிவு படுத்துக்கொள்ள, உள்ளிருக்கும் விலங்கு எழுந்து வெட்கமின்றித் தாயோடும் சேர முயலும் என்று எழுதியிருக்கிறார். சோபாக்ளிஸுக்குப் பிந்தைய தலைமுறையின் ஏதென்ஸ்காரர் அவர். அப்படியொரு ஆசை கிரேக்கர்களுக்குத் தெரியவே தெரியாது என்று வாதிட நான் தயாராக இல்லை. தெரிந்திருந்தது. ஆனால் இந்த நாடகம் அதைப் பற்றியது இல்லை.

பின் எதைப் பற்றியது? ஃபிராய்டே சொல்லியிருக்கிறார், அதே பக்கங்களில், போகிற போக்கில். நாடகத்தின் செயல் முழுவதும் ஓர் உண்மை படிப்படியாக, தாமதப்பட்டுத் தாமதப்பட்டு வெளிவருவதுதான். அது உளப்பகுப்பாய்வின் வேலையை ஒத்தது என்கிறார். அந்த வாக்கியத்தை அவர் பற்றிக்கொண்டு மேலே போயிருக்கலாம் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குத் தோன்றும். 1906-இல் அவருடைய ஐம்பதாம் பிறந்தநாளுக்கு அணுக்கர்கள் ஒரு பதக்கம் செய்து கொடுத்தார்கள். ஒரு பக்கம் ஃபிராய்டின் முகம். மறுபக்கம் ஸ்ஃபிங்க்ஸின் முன் நிற்கும் ஈடிபஸும், புகழ்பெற்ற புதிரை அறிந்தவன், பேராற்றல் மிக்கவன் என்று பொருள்படும் சோபாக்ளிஸின் வரியும். அவர் மனத்தில் ஆழமாக இருந்த ஈடிபஸ் புதிரை விடுவித்தவன்தான் என்று நினைக்கிறேன்.

தெரிந்ததையே தெரியாமல் வைத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்துக்கு வருகிறேன். நாடகத்தின் முற்பகுதியிலேயே குருட்டு ஞானி டைரீசியஸ், முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவன் என்று நீ தேடும் கொலைகாரன் நீதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான். ஈடிபஸின் காதில் அது விழுகிறது, உள்ளே போவதில்லை. மைத்துனன் கிரியானின் சதி என்று கத்துகிறான். தந்தையைக் கொல்வாய் என்ற வாக்கைச் சுமந்துகொண்டு வந்தவன் முச்சந்தியில் ஒரு முதியவரை அடித்துக் கொன்றிருக்கிறான். கணவனை இழந்த அரசியை மணந்திருக்கிறான். ஒரு நாளும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட அந்தக் கால்கள். துளைத்துக் கட்டப்பட்ட கணுக்கால்களின் வீக்கம்தான் அவன் பெயரே. உன் கணுக்கால்களே சாட்சி சொல்லுமே என்று தூதன் சொன்னதும், அந்தப் பழைய வேதனையை இப்போது ஏன் எடுக்கிறாய் என்கிறான். வாழ்நாள் முழுவதும் தன் உடம்பில் இருந்த விடையை அவன் கேள்வியாகவே ஆக்கவில்லை. இதைக் காண நமக்குக் கண் கொடுத்தது உளப்பகுப்பாய்வு. இங்கே நான் அதற்கு நன்றியுள்ளவன், ஏனென்றால் இங்கே அது வரிகளைத் தொட்டுப் பேசுகிறது.

அந்தக் கால்களைப் பற்றி இன்னும் ஒன்று. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து மலையில் எறியச் சொன்னவன் லாயஸ், அவனைப் பெற்றவன். குழந்தையைக் கொடுத்தது யார் என்று கேட்கும்போது, யொகாஸ்டா என்று இடையன் சொல்கிறான். “பெற்றவளேயா?” என்று ஈடிபஸ் கேட்கும் அந்தச் சொல்லை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை. மகனின் ஆசையிலிருந்து கதையைத் தொடங்கினால், பெற்றோர் செய்த முதல் குற்றம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஃபிராய்டின் வழிவந்த ஜார்ஜ் டெவெரோ 1953-இலேயே, ஈடிபஸ் ஏன் லாயஸைக் கொன்றான் என்று கேட்டு, தந்தையின் வன்முறையின் பக்கம் கையைக் காட்டினார். குழந்தைகளின் மேல் பழியைப் போட்டுப் பழகியவர்கள் நாம். அந்த வாசிப்பு பரவலாக ஏற்கப்படாமல் போனதில் எனக்கு வியப்பில்லை, வருத்தம்தான் உண்டு.

மற்ற நாடகங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். சோபாக்ளிஸின் இன்னொரு நாடகத்தின் நாயகி ஆன்டிகனி குறித்து பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் ஆற்றிய உரைகளைப் படித்திருக்கிறேன். அவற்றில் லக்கான் தெரிகிறார், அந்தப் பெண் தெரியவில்லை. ஈஸ்கிலஸின் கிளிதெம்னெஸ்ட்ரா ஒரு பாம்பைப் பெற்று, துணியில் சுற்றி, பால் கொடுக்க, பாலோடு இரத்தமும் கட்டியாக வருவதாகக் கனவு காண்கிறாள். அந்தப் பாம்பு நான்தான் என்று, அவளைக் கொல்ல வந்திருக்கும் மகனே மேடையில் பொருள் சொல்லிவிடுகிறான். வெளியிலிருந்து நாம் கொண்டுவந்து சேர்க்க எதுவுமில்லை.

யூரிப்பிடிஸ்தான் உளப்பகுப்பாய்வைத் தானே கூப்பிட்டு உட்காரவைக்கும் கவிஞர். அவர் இறந்தபின் மேடையேறிய ‘பாக்கை’ நாடகத்தில், மதுவின் தெய்வமான டயோனிசஸின் பின்னே மலைக்குப் போய்விட்ட பெண்களைச் சிறைப்பிடிக்கத் துடிக்கிறான் இளம் மன்னன் பெந்தியஸ். படை திரட்டச் சொல்கிறான், ஆயுதம் கேட்கிறான். அந்த நேரத்தில் தெய்வம் மெல்லக் கேட்கிறது: மலையில் அவர்கள் கூடியிருப்பதைப் பார்க்க விரும்புகிறாயா? உடனே பதில் வருகிறது: விரும்புகிறேன், பொன்னை அள்ளிக் கொட்டிக்கூடக் கொடுப்பேன். இத்தனை நேரம் அவன் எதன் மேல் சீறிக்கொண்டிருந்தானோ அதற்காகவே ஏங்கியிருக்கிறான். அடுத்த காட்சியில் பெண்ணுடை உடுத்தி, மடிப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டு நிற்கிறான். தாயின் கைகளில் சுமக்கப்பட்டுத் திரும்புவாய் என்று தெய்வம் சொல்ல, எனக்கு இவ்வளவு சுகமா என்று பூரிக்கிறான். எதையும் வலிந்து புகுத்தாமல், ஒடுக்கப்பட்ட ஆசை என்று இங்கே சொல்லலாம். வரிகள் அதைத் தாங்குகின்றன.

அவன் தாயின் கைகளில்தான் திரும்புகிறான். வெறியில் மகனைச் சிங்கம் என்று எண்ணிக் கிழித்த அகாவே, அவன் தலையை ஏந்தி, வேட்டையின் பெருமையோடு வருகிறாள். அவளுடைய தந்தை காட்மஸ், சிதறிய உடலைப் பொறுக்கிக்கொண்டு வந்த கிழவர், அவளை எதிர்கொள்கிறார். டெவெரோ 1970-இல் இந்தக் காட்சியை ஓர் உளச்சிகிச்சையாகவே வாசித்தார். உங்களுக்கு நான் பரிந்துரைக்க விரும்பும் ஒரே வாசிப்பு அது.

காட்மஸ் உண்மையை உடனே சொல்லிவிடுவதில்லை. முதலில் வானத்தைப் பார் என்கிறார். பார்க்கிறாள். முன்போலவே இருக்கிறதா, மாறியிருக்கிறதா? முன்பைவிட ஒளியாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்கிறாள். உன் உள்ளத்தில் இன்னும் அந்தப் படபடப்பு இருக்கிறதா? நீங்கள் சொல்வது புரியவில்லை, ஆனால் எனக்கு எப்படியோ தெளிந்துவருகிறது. எந்த வீட்டுக்கு மணமாகிப் போனாய்? எகியோனுக்குக் கொடுத்தீர்கள். உங்களுக்குப் பிறந்த மகன் யார்? பெந்தியஸ். கணவன் பெயரையும் பிள்ளையின் பெயரையும் அவளே சொன்ன பிறகுதான் கேட்கிறார்: இப்போது உன் கைகளில் இருப்பது யாருடைய முகம்? சிங்கத்தின் முகம், கூட வேட்டையாடியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்கிறாள். அவள் குரலில் உறுதி குறைந்துவிட்டது. நேராகப் பார், பார்ப்பதற்கு அதிக நேரம் ஆகாது என்கிறார்.

அவள் பார்க்கிறாள். இவனைக் கொன்றது யார், இவன் எப்படி என் கைக்கு வந்தான் என்று கேட்கிறாள். பாழும் உண்மையே, வேளையல்லாத வேளையில் வந்து நிற்கிறாயே என்கிறார் காட்மஸ். சொல்லுங்கள், வரப்போவதை எண்ணி நெஞ்சு துள்ளுகிறது என்கிறாள் அவள். அதன்பின் அவள் புலம்பும் பகுதியில் ஒரு பெரிய துண்டு கையெழுத்துப் படிகளில் அழிந்துபோய்விட்டது.

ஒரு மனிதரை எந்த வரிசையில், எவ்வளவு மெதுவாக உண்மைக்குத் திருப்பி அழைத்துவர வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் காட்சியை இரண்டு பேர் உரக்கப் படியுங்கள். காட்மஸின் வரிகளை நீங்களே படியுங்கள்.

அன்புடன்