பாட்டு முழுசா பாடுறான், தண்ணி மட்டும் கேக்க மாட்டேங்கிறான்!

கேள்வி: மேடம், என் பையனுக்கு நாலு வயசு, ஆட்டிசம்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. டிவியில வர்ற விளம்பரப் பாட்ட ராகம் மாறாம பாடுறான், ஆனா தாகம் எடுத்தா என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறானே தவிர 'தண்ணி'ன்னு வாய்ல வராது. ஸ்பீச் தெரபிய நிறுத்திட்டு மியூசிக் தெரபி மட்டும் குடுங்க, ஆறு மாசத்துல பேசிடுவான்னு ஒரு சென்டர்ல சொல்றாங்க. நம்பலாமா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: ஸ்பீச் தெரபிய நிறுத்தாதீங்கம்மா. பேசுறதுக்கு தேதி குறிச்சுக் குடுக்குறவங்கள நான் நம்புறதில்ல.

உங்க பையன் பாடுறது மொத்தமா மனசுல பதிஞ்ச ஒரு துண்டு, அதுல எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அவன் பிரிச்சுப் பாக்கணும்னு இல்ல, ஆனா தண்ணி கேக்கணும்னா உங்களப் பாத்து உங்ககிட்ட சொல்லணும், கஷ்டமே அங்கதான். 2017-ல 9 நாட்டுல 4லருந்து 7 வயசு வரைக்கும் 364 பிள்ளைங்கள வச்சு அஞ்சு மாசம் மியூசிக் தெரபி குடுத்துப் பாத்தாங்க, மத்தவங்களோட பழகுறதுல பெரிய வித்தியாசம் வரல. ஆனா 2011-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல பேச்சே வராத 6 பிள்ளைங்களுக்கு வார்த்தைய ரெண்டு சுரத்துல மெதுவா இழுத்துப் பாடி, அதே நேரத்துல ரெண்டு டிரம்ல தட்டவும் வச்சு 40 செஷன் நடத்தினப்ப, சொல்லிக்குடுக்காத வார்த்தையக்கூட முயற்சி பண்ண ஆரம்பிச்சாங்க. ஆறே பேருதான், அதனால ரொம்பவும் துள்ள வேணாம்.

வீட்ல இதப் பண்ணுங்க. அவனுக்குப் புடிச்ச அந்த விளம்பர ராகத்துலயே "அம்மா தருவா தண்ணி"ன்னு பாடுங்க, கையில டம்ளர் இருக்கட்டும், குரல் எப்படி இருந்தாலும் பரவால்ல, செல்போன்ல போட்டு விட்றாதீங்க. நாலஞ்சு நாள் முழுசா பாடிட்டு அப்புறம் "அம்மா தருவா..."ன்னு நிறுத்தி, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாம அவசரப்பட்டு நாமளே சொல்லிடுவோம், பெரும்பாலான வீட்ல கெட்டுப்போறது இங்கதான்! அவன் உங்களத் திரும்பிப் பாத்தாலோ, 'த'ன்னு ஒரு சத்தம் வந்தாலோ உடனே தண்ணியக் குடுத்துடுங்க, சுத்தமா சொன்னாத்தான்னு புடிவாதம் வேணாம். காதப் பொத்திக்கிட்டான்னா அன்னிக்கு அதோட விட்ருங்க.

இன்னொண்ணு, காது டெஸ்ட் எடுத்தீங்களான்னு நீங்க எழுதவே இல்ல. பாடுறானே, காது நல்லாத்தான் கேக்கும்னு விட்றாதீங்க, ஒரு தடவ எடுத்துப் பாத்துருங்க.