நெஞ்சுவலிக்கு மார்ஃபின் போட்டால் மாத்திரை வேலை செய்யாதா?

கேள்வி: சென்ற மாதம் என் கணவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வந்தது. அருகிலிருந்த நர்சிங் ஹோமில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், டிகாக்ரிலார் மாத்திரைகளைக் கொடுத்து, வலி தாங்காமல் அவர் துடித்ததால் மார்ஃபின் ஊசியும் போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நலமாக இருக்கிறார். ஆனால், மார்ஃபின் போட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேலை செய்யாது என்றும், நான் அந்த ஊசியை மறுத்திருக்க வேண்டும் என்றும் என் நாத்தனார் மகன் சொல்கிறான். உண்மையா? முழங்கால் வலிக்கு அவர் வழக்கமாகப் போடும் காம்பிஃப்ளாமை இனியும் கொடுக்கலாமா?

– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் நாத்தனார் மகன் சொல்வதில் பாதி உண்மை. மார்ஃபின் வலியைக் குறைப்பதோடு இரைப்பையின் அசைவையும் மந்தமாக்குகிறது. விழுங்கிய மாத்திரை சிறுகுடலைச் சென்றடைந்தால்தான் ரத்தத்தில் நன்கு கலக்கும் என்பதால், அது இரைப்பையிலேயே தங்கும் நேரமெல்லாம் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகட்டியை வளர்க்க இடம் கிடைக்கிறது. மார்ஃபினால் வரும் வாந்தியோடு மாத்திரையே வெளியேறிவிடுவதும் உண்டு. மாரடைப்பு நோயாளிகளிடம் போலந்தில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான இம்ப்ரெஷன் ஆய்வில், மார்ஃபின் பெற்றவர்களின் ரத்தத்தில் சேர்ந்த டிகாக்ரிலாரின் மொத்த அளவு 36 சதவீதம் குறைவாக இருந்தது. ஃபென்டனில் என்ற வலி நீக்கி ஊசிக்கும் இதே குணம் உண்டு.

ஆனாலும், இந்தத் தாமதத்தால் இறப்பு கூடுகிறது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. கடும் வலியும் பயமும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி, ஏற்கெனவே திணறும் இதயத்துக்கு மேலும் பளுவாகின்றன. ஆகவேதான் 2017-இல் ஐரோப்பிய இதயவியல் கழகம் மார்ஃபினை விலக்கிவிடாமல், அதற்கான பரிந்துரையை ஒரு படி இறக்கியதோடு நின்றது. மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, ரத்தநாளம் வழியே பாராசிட்டமால் செலுத்துவது, சில நிமிடங்களிலேயே தட்டணுக்களைக் கட்டுப்படுத்தும் காங்கிரலார் என்ற மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றுவது என மருத்துவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. எதைத் தேர்வது என்பது அவர்கள் முடிவு. நள்ளிரவில் நீங்கள் அங்கே வாதாடியிருந்தால் நிமிடங்கள்தான் வீணாகியிருக்கும். மறுக்காததற்காக வருந்த வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது உங்கள் இரண்டாவது கேள்வி. காம்பிஃப்ளாம் அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள்: பாராசிட்டமாலோடு 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் இருக்கிறது. தட்டணுவில் ஆஸ்பிரின் சென்று ஒட்ட வேண்டிய இடத்தில், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போல ஐபுப்ரோஃபென் முன்கூட்டியே அமர்ந்துகொள்கிறது. அது எழுந்து போவதற்குள், ரத்தத்தில் சிறிது நேரமே தங்கும் ஆஸ்பிரின் கரைந்துபோய்விடுகிறது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து ஆஸ்பிரினை இப்படி மறிப்பதில்லை என்றாலும், மறுபடி மாரடைப்பு வரும் அபாயத்தையும் வயிற்றில் ரத்தக்கசிவையும் கூட்டக்கூடியது என்பதால், கடையில் கேட்டு வாங்கும், அதே மருந்துள்ள வோவரானும் அவருக்கு ஆகாது. முழங்கால் வலிக்கு டோலோ 650 போன்ற, பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். ஈரல் கோளாறோ மதுப்பழக்கமோ இருந்தால் அதை முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எலும்பு மருத்துவரிடம் போகும்போது ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.