நாலு வீடு கட்டலாம் என்றார்கள், இடம் எங்கே?

மனை, வீடு, நகர விதிகள் பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் முப்பது வருடம் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்கள் நகரில் மண்டல விதியை மாற்றினார்கள். தனி வீடு மட்டுமே கட்டலாம் என்றிருந்த பகுதியில் இனி ஒரு மனைக்கு நாலு வீடு வரை கட்டலாமாம். மூன்று வருடம் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கட்டவில்லை. ஆசை இல்லையா, விதியில் கோளாறா? – கட்டடக்கலை மாணவி

ஆசைக்கு என்னம்மா குறைச்சல்! கோளாறு விதியில்தான். ஆனால் நீங்கள் படித்த வரியில் இருக்காது, பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். 'மனைக்கு எத்தனை வீடு' என்பது அட்டவணையில் ஒரே ஒரு கட்டம். அதே வரிசையில் முன் இடைவெளி, பின் இடைவெளி, பக்க இடைவெளி, உயரம், எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்), பார்க்கிங் என்று இன்னும் அரை டஜன் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் 1-ஐ அடித்து 4 போட்டுவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டால் ஒன்றும் எழும்பாது.

ஒரு தாள் எடுங்கள், வரைந்தே பார்ப்போம். மனை 60 அடி ஆழம், 40 அடி அகலம். 2400 சதுர அடி. முன்னால் 10 அடி, பின்னால் 10 அடி, இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி விட வேண்டும். மிச்சம் 40-க்கு 30, அதாவது 1200 சதுர அடி. உயரம் இரண்டு தளம் வரை. ஆக 2400 சதுர அடி கட்டலாம், நாலாகப் பிரித்தால் வீட்டுக்கு 600. அழகாக வருகிறதே என்று தோன்றும்.

இப்போது பார்க்கிங் கட்டத்தைப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு கார். கார் நிற்க 8-க்கு 16 அடி போதும்தான், ஆனால் அது பறந்து வந்து இறங்காதே. உள்ளே வரவும் திரும்பவும் வழி விட்டால் காருக்கு 300 சதுர அடி போய்விடும். நாலு காருக்கு 1200. தரைத்தளம் முழுக்கக் காருக்கே சரி. குடியிருக்க மிஞ்சுவது மாடி ஒன்றுதான். அதில் படிக்கும் நடைவழிக்கும் 150 கழித்தால் 1050. நாலாகப் பிரித்தால் வீட்டுக்கு 262 சதுர அடி. காருக்கு 300, குடும்பத்துக்கு 262! இதற்காக இருக்கிற வீட்டை யார் இடிப்பார்கள்?

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் இந்த அனுபவத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2018 டிசம்பரில் ஒரு நகரத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2020-லிருந்து எல்லாக் குடியிருப்பு மனையிலும் மூன்று வீடு வரை அனுமதி. உலகமெல்லாம் செய்தி ஆனது. ஆனால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து அனுமதித்த கட்டடத்தின் அளவு, பழைய ஒற்றை வீட்டு அளவுதான். மூன்று வீட்டுக் கட்டடங்கள் சொற்பமாகவே வந்தன. அந்த ஊரில் வீடுகள் பெருகியது வேறு வழியில். பேருந்து, ரயில் போகும் பெரிய சாலைகளில் உயரத்தைக் கூட்டினார்கள், பார்க்கிங் கட்டாயத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள்.

அதே அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் இதை வேறு மாதிரி யோசித்தது. 2021-ல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள விதியில், வீட்டின் எண்ணிக்கை ஏறினால் எஃப்.எஸ்.ஐ.-யும் ஏறும். ஒரு மண்டலத்தில் ஒற்றை வீடு என்றால் 0.5, இரண்டு என்றால் 0.6, மூன்று என்றால் 0.7. 5000 சதுர அடி மனையில் தனியாகக் கட்டிக்கொள்பவருக்கு 2500 சதுர அடி, மூன்று குடும்பத்துக்குக் கட்டுபவருக்கு 3500. தடையும் இல்லை, மானியமும் இல்லை. கணக்கு தானாகவே மூன்று வீட்டுப் பக்கம் சாய்கிறது. நான் பார்த்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, நம் தாளுக்கு வருவோம். பார்க்கிங்கை இரண்டு காராகக் குறைத்து, ஒரு தளம் கூட்டுங்கள். தரைத்தளத்தில் காருக்கு 600, படிக்கு 150 போக 450 சதுர அடியில் ஒரு சின்ன வீடு. படி ஏற முடியாத பெரியவர்களுக்குத் தோதானது. முதல் மாடியில் 525 சதுர அடியில் இரண்டு வீடு. மேல் மாடியில் 1050-ல் ஒரு பெரிய வீடு. மொத்தம் நாலு. கார் இடத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எஃப்.எஸ்.ஐ. 1.25 வரும். பழைய விதி 1 என்று இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். மூன்று கட்டங்களை ஒன்றாகத் திருத்தினால்தான் நாலு வீடு நிஜமாகிறது.

கேள்வி: எஃப்.எஸ்.ஐ.-யை மட்டும் இரண்டு மடங்காக்கினால் போதாதா? – கட்டுமானத் தொழிலில் இருப்பவர்

போதாது. எஃப்.எஸ்.ஐ. என்பது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. மேலே சொன்ன மனைக்கு 2 கொடுத்தால் தாளில் 4800 சதுர அடி வரும். ஆனால் இடைவெளி போக 1200, இரண்டு தளம், ஆக 2400-க்கு மேல் நுழையவே நுழையாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உயரத்தையும் தளர்த்தி, வீட்டு எண்ணிக்கையை மட்டும் ஒன்றிலேயே வைத்தாலோ, ஒருவரே அரண்மனை கட்டிக்கொண்டு போவார்.

கேள்வி: எங்கள் மனை 20 அடி அகலம்தான். பழைய வீட்டை எடுத்துவிட்டு எங்களுக்கும் மகள் குடும்பத்துக்குமாக இரண்டு வீடு கட்ட நினைக்கிறோம். பக்கவாட்டில் இடம் விடச் சொல்லியே பிளானைத் திருப்பிவிடுகிறார்கள். – பெயர் வேண்டாம் என்ற வாசகி

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய நினைவு வந்து உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு வயதான தம்பதி, பிளானைச் செய்தித்தாளில் சுருட்டித் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். விதி வருவதற்கு முன்பே கட்டிய வீடு. மேலே ஒரு மாடி எடுக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்பது அங்குலம் குறைந்தது. சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். நாலு தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே சுவர், அதே ஒன்பது அங்குலம். சுவரை எங்கே நகர்த்துவார்கள்? ஐந்தாவது தடவை வரவில்லை. நான் விதிப்படிதான் நடந்தேன். ஆனால் அந்த ஒன்பது அங்குலத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இடைவெளி விதி பெரும்பாலும் அகன்ற மனையை மனதில் வைத்து எழுதப்படுவது. 40 அடி மனையில் இரண்டு பக்கமும் ஐந்தடி விட்டால் கால் பங்கு போகும். அதையே 20 அடி மனையில் விட்டால் பாதி மனை போய்விடும். மிஞ்சும் பத்தடியில் சுவர்க் கனத்தையும் கழித்தால் ஒரு அறை, பக்கத்தில் ஒரு ஆள் நடக்கும் வழி. அவ்வளவுதான்.

இதற்கு மருந்து, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிக் கட்ட அனுமதிப்பது. வெளிச்சமும் காற்றும் முன்பக்கம், பின்பக்கம், நடுவில் ஒரு திறந்த வெளி வழியாக வரும். தீ பரவாத கனமான சுவர் கட்டாயம். அதில் மட்டும் சமரசம் கூடாது. மனை அளவிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 1998-ல் உள்வட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதியில் குறைந்தபட்ச மனை அளவை 5000 சதுர அடியிலிருந்து 1400-க்கு இறக்க வழி செய்தது. ஒரு பழைய மனை இருந்த இடத்தில் மூன்று ஒடுக்கமான வீடுகள் வரிசையாக எழும்பின. 2013-ல் அதே விதியை வெளிப்பகுதிக்கும் நீட்டித்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் ஊர் விதிப் புத்தகத்தில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஏதாவது இருக்கிறதா, உங்கள் தெரு அதில் வருமா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் விதிவிலக்கு மனு. தனியாகப் போடாதீர்கள் அம்மா. உங்கள் தெருவில் எல்லா மனையும் 20 அடியாகத்தான் இருக்கும். எல்லோருமாகச் சேர்ந்து போடுங்கள்.

கேள்வி: பார்க்கிங் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள் என்று சுலபமாகச் சொல்கிறார்கள். அப்புறம் காரெல்லாம் தெருவில்தானே நிற்கும்? – ஓய்வு பெற்ற ஆசிரியர்

நியாயமான பயம் ஐயா. ஆனால் கட்டாயத்தை எடுப்பது வேறு, பார்க்கிங்கையே தடை செய்வது வேறு. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-லும், மினியாபொலிஸ் 2021-லும் ஊர் முழுக்கக் கட்டாயத்தை எடுத்தன. அதற்குப் பிறகும் கட்டுபவர்கள் பார்க்கிங் வைக்கத்தான் செய்கிறார்கள், விற்க வேண்டுமே! அட்டவணை சொல்லும் எண்ணிக்கைக்குப் பதிலாக, வாங்குபவர் கேட்கும் எண்ணிக்கையில் வைக்கிறார்கள்.

தெருவைச் சும்மா விட்டால் நீங்கள் பயப்படுவது நடக்கும். ஜப்பான் அதை வேறு முனையில் பிடித்தது. 1962-லேயே ஒரு சட்டம்: கார் வாங்குகிறவர், தெருவுக்கு வெளியே அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கார் இல்லாத குடும்பம், காருக்கான இடத்தை வீட்டு விலையில் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. யாரிடம் கார் இருக்கிறதோ அவர் பாடு.

கேள்வி: பக்கத்தில் அடுக்குமாடி வந்தால் என் வீட்டு வெயிலும் காற்றும் போகும். தனி வீட்டுப் பகுதியைத் தனி வீட்டுப் பகுதியாகவே வைத்திருப்பதில் என்ன தப்பு? – தனி வீட்டுக்காரர்

வெயிலைப் பற்றிய கவலையில் தப்பே இல்லை. மண்டல விதிகள் பிறந்த காரணங்களில் அதுவும் ஒன்று. நியூயார்க்கில் 1915-ல் ஈக்விட்டபிள் கட்டடம் தெருவை ஒட்டி நேர்செங்குத்தாக எழும்பி அக்கம்பக்கத்தை இருட்டாக்கியது. மறு வருடமே உயர உயரக் கட்டடம் பின்வாங்க வேண்டும் என்று நகரம் விதி போட்டது. அதே 1916-ல் பெர்க்லி நகரம் தனி வீடு மட்டும் கட்டலாம் என்ற மண்டலத்தைக் கொண்டுவந்தது. பத்து வருடம் கழித்து, யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகள் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு அடுக்குமாடி வீட்டைப் பல சமயம் வெறும் 'ஒட்டுண்ணி' என்றே எழுதியது. வெயிலில் தொடங்கிய பேச்சு, யார் பக்கத்து வீட்டில் குடியிருக்கலாம் என்பதில் போய் நின்றுவிட்டது பாருங்கள்.

நிழல் கட்டடத்தின் உயரத்தால் விழுகிறது. உள்ளே எத்தனை கதவு எண் இருக்கிறது என்பதால் இல்லை. வெயில்தான் கவலை என்றால் வெயிலுக்கே விதி போடலாம். ஜப்பான் 1976-ல் அதைத்தான் செய்தது: ஒரு கட்டடம் பக்கத்து மனையில் எத்தனை மணி நேரம் நிழல் போடலாம் என்று வரம்பு. அங்கே மிகக் கண்டிப்பான தாழ்தளக் குடியிருப்பு மண்டலத்தில்கூட, 10 அல்லது 12 மீட்டர் உயரத்துக்குள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி உண்டு. உங்கள் வெயிலுக்காக நான் வாதாடத் தயார். பக்கத்தில் மூன்று குடும்பம் வரக்கூடாது என்பதற்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் செய்தால் வாடகை குறையுமா? – வீடு தேடி அலுத்தவர்

அடுத்த மாதமே குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் தம்பி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் தன் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் கூடுதலாகக் கட்ட அனுமதித்தது. கட்டட அனுமதிகள் சில வருடங்களில் எகிறின, அதிலும் ஒட்டுச்சுவர் வீடுகள்தான் அதிகம். வாடகை இறங்கவில்லை. ஆனால் விதி மாறாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்குமோ, அவ்வளவு ஏறவில்லை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சிகாகோவில் நடந்தது வேறு. 2013-லும் 2015-லும் ரயில் நிலையங்களைச் சுற்றி மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். முதல் ஐந்து வருடத்தில் ஏறியது மனை விலை, கூடுதல் கட்டடம் பெரிதாக வரவில்லை. கொஞ்ச மனைக்கு மட்டும் சலுகை என்றால் அந்த மனைக்காரர் விலையை ஏற்றிச் சொல்லிக் காத்திருக்கலாம். ஊர் முழுக்க மனைகளுக்கு அதே அனுமதி இருந்தால், அவர் முரண்டு பிடித்தால் அடுத்த தெருவில் வாங்கிக்கொள்ளலாம். நான் ஊர் முழுக்க என்ற கட்சி.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் பகுதியில் புது விதிகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். என்ன கேட்பது? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பேசுவதைவிட வரையச் சொல்லுங்கள். உங்கள் பகுதியில் இருப்பதிலேயே ஒடுக்கமான மனையின் அளவை எழுதிக்கொண்டு போய், 'இதில் நீங்கள் சொல்லும் வீடுகளை வரைந்து காட்டுங்கள், படி எங்கே, கார் எங்கே, ஜன்னல் எங்கே' என்று கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: எல்லா அளவும் விதிப்படி இருந்தால் மேஜையிலேயே ஒப்புதல் கிடைக்குமா, இல்லை அதற்கும் ஒரு கமிட்டி கூடி அக்கம்பக்கத்தாரின் சம்மதம் கேட்குமா? கமிட்டி என்றால் எத்தனை மாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். அத்தனை மாதமும் கட்டுபவர் வட்டி கட்ட வேண்டும். அந்த வட்டியும் கடைசியில் வீட்டு விலையில்தான் வந்து விழும்.

ஸ்கேலை நீங்களே கொண்டுபோங்கள். அங்கே இருக்காது.